அட்டை குத்துவார்க்குக் கூலி! எழுத்துக் குத்துவார்க்குக் கும்பிடா?

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் மேல் ஓர் அட்டைத்தொடர் தொங்கும். அதன் ஒவ்வோர் அட்டையிலும் துளைகள் நிரல்பட இருக்கும். துளையுள்ள இடத்தில் பாவிழை மேலெழும்; துளையற்ற இடத்தில் பாவிழை கிடந்தபடி கிடக்கும். கரையில் நடக்கும் அன்னமும், முந்தானையில் ஆடும் மயிலும், சரிகையில் மலரும் பூக்களும் அத்துளைகளின் வரிசையிலிருந்தே பிறக்கின்றன. ஒரு துளை தவறுமாயின் அன்னத்தின் அலகு முறியும். ஓர் அட்டை இடம் மாறுமாயின் மயிலின் கழுத்துத் திருகும். பழுது ஒரு சேலையோடு நில்லாது, அவ்வட்டைத் தொடரில் நெய்யப்படும் அத்தனை சேலைகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றும். ஆகலின், கட்டத்தாளில் வரைந்த கோலத்தைப் பார்த்து அட்டை குத்தும் கைவினையாளரை அவ்வூர் அறியும். அவர் வேலைக்குக் கூலி உண்டு. "கலைத்தொண்டாக இதனைக் குத்திக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்" என்று பிள்ளையார்பாளையத்தில் எவரும் அவரிடம் கையேந்துவதில்லை.

அதே ஊரின் கோயில் வாயில்களில் நடப்பது வேறு. ஏகம்பத்துக்கும் அத்தியூருக்கும் வந்து போவோர், வழியில் கண்ணொளி இழந்த ஒருவரைக் கண்டால், அவர் கையில் காசொன்றை இட்டு, அறம் செய்துவிட்ட நிறைவோடு அப்பாற் செல்வர். அக்கையில் விழுந்த காசை எண்ணினோர் பலர். அக்கையின் விரல்நுனிக்குப் படிக்க இயலும், அதற்குத் தமிழ்நூல் வேண்டும் என்று எண்ணினோர் மிகச் சிலர்.

விரலால் தொட்டுப் படிக்கும் புடையெழுத்தில், அஃதாவது உலகோர் பிரெயில் என வழங்கும் எழுத்தில், தமிழ்நூலைப் பெயர்த்தெழுதுவது ஒரு தொழில். கற்றுத் தேர்ந்தாரே செய்யத்தக்க கைவினை. ஊதியத்துக்குரிய உழைப்பு. அதனை இரக்கமுடையார் ஓய்வுப்பொழுதில் செய்யும் நற்செயலாகவே வைத்துக்கொண்டிருப்பது, பார்வையற்ற தமிழர்க்கும் தமிழுக்கும் ஒருங்கே இழைக்கப்படும் இரண்டகமாம்.

ஊசிமுனையில் பிறந்த எழுத்து

துளையாலும் புள்ளியாலும் பொருளுணர்த்தும் இக்கலைகள் இரண்டும் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. பட்டு நெசவுக்குப் பெயர்போன இலியோன் நகரத்துச் சோசப்பு மரீ சக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டளவில் அட்டைத் தறியை அமைத்தார். அவர் பெயராலேயே காஞ்சித் தெருக்களில் அத்தறி இன்றும் வழங்குகின்றது. ஐந்தாண்டு கழித்து, 1809இல், பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள கூவ்ரே எனும் சிற்றூரில், தோல்வினையாளர் ஒருவரின் மகனாக உலூயி பிரெயில் பிறந்தார். மூன்று அகவைக் குழந்தையாய்த் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில், தோல் குத்தும் ஊசி அவர் கண்ணில் பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவ, இரு கண்களும் ஒளியிழந்தன.

பாரிசில் பார்வையற்ற இளைஞர்க்கென நடந்த பள்ளியில் அவர் படித்தார். சார்லசு பார்பியே என்பார் பன்னிரண்டு புள்ளிகளாலான ஒரு முறையை வகுத்திருந்தார். அம்முறை அப்பள்ளிக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளிகளும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அதனை ஆறாகச் சுருக்கி, 1824இல், தம் பதினைந்தாம் அகவையில், பிரெயில் புதிய எழுத்தை அமைத்தார். 1829இல் அதனை நூலாக வெளியிட்டார்.

கண்ணுள்ளோரில் பலர் அவ்வெழுத்தை விரும்பவில்லை. தங்கள் கண்ணுக்குப் பழகிய உரோம எழுத்தின் வடிவையே தாளில் புடைக்கச் செய்து கொடுத்தாற் போதும் என்று அவர்கள் கருதினர். விரலுக்கு எது எளிது என்பதை விரலுடையாரைக் கேட்க வேண்டும் எனும் எண்ணம் அவர்கட்குத் தோன்றவில்லை. பிரெயில் 1852இல் மறைந்தார். பிரான்சு அரசு அவர் எழுத்தை ஏற்றதோ 1854இல்! பார்வையற்றோர்க்கு எது போதும் என்பதைப் பார்வையுள்ளோரே முடிவு செய்யும் நோய் அன்றே தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்நோய் இன்னும் தீரவில்லை.

தமிழ்நாட்டுக்கு இவ்வெழுத்து வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது. பாளையங்கோட்டையில் ஆசுக்குவித்து அம்மையார் 1890இல் பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். அந்நாளில் இந்தியப் பரப்பில் மொழிக்கொன்றும் பள்ளிக்கொன்றுமாகப் பல குறிமுறைகள் வழங்கின. 1951இல் யுனெசுகோ முயற்சியில் பெய்ரூத்து நகரில் கூடிய மாநாட்டை ஒட்டி, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறை ஒன்று ஏற்கப்பட்டது. 'பாரதி பிரெயில்' என்று அதற்குப் பெயரும் இட்டனர். இற்றைத் தமிழ்ப் புடையெழுத்து அதன்வழிப்பட்டதே.

ஆறு புள்ளியில் அடங்கும் தமிழ்

இரண்டு நிரை, நிரைக்கு மூன்று புள்ளி, ஆக ஆறு புள்ளி. இவற்றுள் ஒன்றோ பலவோ புடைத்து நிற்க 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழின் 247 எழுத்துகளை இதற்குள் எங்ஙனம் அடக்குவது என்று அயர வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 குறிகளும், மெய்யைக் காட்டும் புள்ளிக்குரிய குறி ஒன்றும் இருந்தாற் போதும். தமிழ் நெடுங்கணக்கின் செப்பம் அத்தகையது.

அச்சில் 'கொடை' என்னும் சொல்லை நோக்குக. ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், டகரத்துக்கு முன்னே ஐகாரக் குறி என எழுத்து முன்னும் பின்னும் அலைகின்றது. புடையெழுத்திலோ ககரம், ஒகரம், டகரம், ஐகாரம் என நான்கு குறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிப்பதே உயிர்மெய் எனும் தொல்காப்பியர் நெறியை, அச்சைக் காட்டிலும் செவ்வனே காப்பது விரலெழுத்து. கண்ணாற் படிப்போர் எழுத்தின் தோற்றத்தைப் படிக்கின்றனர். விரலாற் படிப்போர் எழுத்தின் இலக்கணத்தையே படிக்கின்றனர் என்றால் மிகையாகாது.

இச்செப்பத்தில்தான் இடரும் ஒளிந்துள்ளது. அச்சில் மெய்யின் தலைமேல் புள்ளி நிற்கும். புடையெழுத்தில் அப்புள்ளிக் குறி மெய்க்கு முன்னே வந்து நிற்கும். அதுவும் ஒற்றைப் புள்ளி, நான்காம் இடத்தது. அது விடுபட்டால் மெய் அகரமேறிய உயிர்மெய்யாகிவிடும். 'பல்' என்பது 'பல' ஆகும். 'மண்' என்பது 'மண' ஆகும். 'கண்' என்பது 'கண' ஆகும். லகரத்துக்கு இடப்பக்க நிரையின் மூன்று புள்ளிகள்; ளகரத்துக்கு வலப்பக்க நிரையின் மூன்று புள்ளிகள். எழுதுவோர் கை நிரை பிறழ்ந்தால் 'பள்ளி'க்குச் செல்ல வேண்டிய குழந்தை 'பல்லி'யிடம் சென்று நிற்கும். அச்சுப்பிழையைக் கண்ணுள்ளோர் ஒரு பார்வையில் வரி முழுதும் கண்டு தாண்டிவிடுவர். விரலோ ஒவ்வோர் எழுத்தாய் ஊர்ந்து செல்வது. ஒரு பிழையில் அது இடறி நிற்கும், பின்னோக்கித் திரும்பும், மீண்டும் தடவும். பிழை மலிந்த பக்கம் கற்கள் நிறைந்த வழி.

பலகையும் ஊசியும் கொண்டு கையால் எழுதுங்கால் இடர் இரட்டிக்கும். தாளின் பின்புறத்தில் குத்தினால் முன்புறத்தில் புடைக்கும். ஆகலின் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தோன்றுவதுபோல் திருப்பிக் குத்த வேண்டும். லகரத்தை எழுத ளகரத்தின் பக்கம் குத்த வேண்டும்! இதனை ஒரு பிழையுமின்றி நாள் முழுதும் செய்யும் கையை 'ஏதோ புள்ளி வைப்பவர்' என்று கூறுவோர், அட்டை குத்துவோரை 'ஏதோ துளை போடுபவர்' என்று காஞ்சியில் சொல்லிப் பார்க்கட்டும்.

இங்கு ஒன்றைச் சுட்டாமல் விடுவதற்கில்லை. பொதுக் குறிமுறையை வகுத்தோர் தேவநாகரி நெடுங்கணக்கையே நடுவில் வைத்துக்கொண்டனர் என்பதற்கு எ, ஒ என்னும் குறில்களே சான்று. உரோம எழுத்தில் 'ஈ' எனவும் 'ஓ' எனவும் பெயர்பெற்ற உயிர்களுக்குரிய குறிகள், தமிழில் ஏ, ஓ எனும் நெடில்களுக்குச் சென்றன. குறில்களுக்குப் பிறிது குறிகள் தேடித் தரப்பட்டன. வடமொழிக்கு அக்குறில்கள் இல்லாமையை நோக்கினால் கரணியம் தானே விளங்கும். தமிழுக்கு அடிப்படையானவை, அவர்களுக்கு மிச்சத்தில் வந்தவையாயின! பழகிய விரல்களைக் குழப்பி இற்றை நாளில் அதனை மாற்ற வேண்டும் என்பது கருத்தன்று. இக்குறிமுறையில் தமிழை எழுதுவோர், குறில் நெடில் அறிந்த, றகர ரகரமும் னகர நகரமும் பகுத்துணர்ந்த தமிழறிவினராக இருத்தல் வேண்டும் என்பதே கருத்து. வடவெழுத்துகளுக்கும் அதில் தனித்தனிக் குறிகள் உள. தமிழ் எழுதுவோர் அவற்றை விலக்கி எழுதுவாராயின், மொழி தூய்மையுறுவதோடு படிக்கும் விரலின் சுமையும் குறையும்.

காது கற்பிக்காத தமிழ்

"ஒலிநூல்கள் வந்துவிட்டன, கைப்பேசியே படித்துக் காட்டுகின்றது, இனிப் புடையெழுத்து எதற்கு?" என்று வினவுவோர் பெருகியுள்ளனர். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தங்கள் பிள்ளைகளை எழுதப் படிக்கக் கற்பிக்காமல், பாடங்களைக் காதால் மட்டும் கேட்கச் செய்து வளர்க்க அவர்கள் ஒப்புவரா? ஒப்பார். தம் பிள்ளைக்கு ஒவ்வாத ஒன்று, பார்வையற்றார் பிள்ளைக்கு மட்டும் எங்ஙனம் போதும்?

தமிழுக்கோ இது தனிப்பெருஞ் சிக்கல். இற்றைப் பேச்சில் நகரமும் னகரமும் ஒன்றாய் ஒலிக்கின்றன. ரகர றகர வேறுபாட்டைப் பலர் நாவில் காண்பதரிது. லகர ளகர ழகரங்களைப் பகுத்தொலிப்போர் தொகையோ நாடோறும் குறைகின்றது. வல்லொற்று மிகும் இடமும் மிகா இடமும் காதில் விழுந்தும் விழாமலும் போகும். இவற்றைத் தமிழர் எதனால் காத்து வருகின்றனர்? எழுத்தால். கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு 'அரம்' எது 'அறம்' எது என்பதைக் காது சொல்லாது, விரல் சொல்லும். எழுத்தை இழந்த பிள்ளை தேர்வு எழுத இன்னொருவர் கையை நம்பி இருக்கின்றது. அக்கையின் பிழையெல்லாம் அப்பிள்ளையின் பிழையாகின்றது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறையுடையோர் ஒன்றேகால் நூறாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் படிக்கும் அகவையினரை எழுத்தறியாதவராக்கி வைத்துவிட்டு, தமிழ் எழுத்தறிவைப் பற்றிப் பெருமை பேசுவது எவ்வாறு பொருந்தும்? 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிக் கட்டிலில் ஏற்றிற்று. அக்கட்டில் விரலுக்கு எட்டாத உயரத்தில் கிடத்தப்பட்டிருக்குமாயின், ஆட்சி யாருக்கு?

பொறி செய்துவிடாதோ?

"கணிப்பொறியில் நூலை இட்டால் நொடியில் புடையெழுத்தாகிவிடும், அதற்கு ஏன் ஆள்?" என்பது அடுத்த வினா. மென்பொருள்கள் உள்ளன, தமிழையும் அவை மாற்றும், மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை எழுத்துக்கு எழுத்து மாற்றுமேயன்றி நூலை மாற்றா. தமிழ்நாட்டரசு ஒருங்குறி முறையை 2010இல் ஏற்ற பின்னரும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கும் நூல்கள் எண்ணிறந்தவை. அவற்றை மாற்றுங்கால் கொம்பும் காலும் இடம் பெயரும். அச்சுத்தாளைப் படம்பிடித்து எழுத்தாக்கினால் னகரம் ணகரமாகவும் றகரம் நகரமாகவும் தடுமாறும். பொறி அத்தடுமாற்றத்தையும் உண்மையென நம்பிப் புள்ளியாக்கி விடும்.

எழுத்தைக் கடந்தும் வேலை உண்டு. வெண்பாவின் சீரும் அடியும் எங்கு முறிய வேண்டும்? உரையும் மூலமும் விரலுக்கு வேறு வேறாய்த் தெரிவது எவ்வாறு? வரலாற்று நூலின் நிலப்படத்தில் எதனைப் புடைப்பது, எதனை விடுவது? அச்சில் ஒரு பக்கம் அடங்கும் அட்டவணை புடையெழுத்தில் இரண்டு மூன்று பக்கமாக விரியுங்கால், அதன் தலைப்புகளை எங்கே நிறுத்துவது? கணக்குக்கும் இசைக்கும் தனித்தனிக் குறிமுறைகள் வேறு உள. 1952இல் வெளிவந்த கணக்குக் குறிமுறையை வகுத்த ஆபிரகாம் நெமத்து என்பாரும் பார்வையற்றவரே என்பது நினையத்தக்கது. இவ்வளவையும் முடிவு செய்வது பொறியன்று, பயின்ற அறிவு. காஞ்சியில் இற்றைக்குக் கணிப்பொறியில் கோலம் வரைகின்றனர். அதனால் கோலம் வரைவோர் வேண்டா என்று எந்தத் தறிக்காரரும் கூறவில்லை. வரையத் தெரிந்தவரிடமே கணிப்பொறியைக் கொடுக்கின்றனர்.

மெய்ப்புப் பார்க்கும் வேலையோ பார்வையற்றோர்க்கே உரியது. அச்சுநூலை ஒருவர் உரக்கப் படிக்க, புடையெழுத்துப் படியைப் பார்வையற்ற ஒருவர் விரலால் தொடர்ந்து பிழை பிடிப்பதே முறையான வழக்கு. கண்ணால் புள்ளி பார்ப்பவர் எவரும் அவ்விரலின் விரைவுக்கு ஈடாகார். தமிழ் படித்துப் பட்டம் பெற்றும் வேலைக்கு அலையும் பார்வையற்ற இளைஞர் கையில் இருக்கும் வல்லமைக்கு ஊதியம் தரும் தொழில் இஃதொன்று இருக்க, அதனைத் தொழிலென ஏற்காமல் விட்டுவிட்டு, அவர்கட்கு இரக்கம் காட்டுவது எத்துணைப் பொய்ம்மை!

கும்பிடு கூலியாகாது

தொண்டு செய்வோரை இழித்துரைப்பது நோக்கமன்று. ஊதியம் கருதாது இரவெல்லாம் விழித்துப் பாடநூலைப் பெயர்த்துக் கொடுத்த நல்லுள்ளங்கள் இல்லையேல், பல மாணவர் பள்ளிப்படிப்பையே முடித்திரார். ஆயின் தொண்டரின் நல்லுள்ளத்தைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதுதான் கண்டிக்கத்தக்கது. தொண்டர் இன்று வருவார், நாளை வேறு வேலை வந்தால் போவார். அவர் தேர்ந்த நூலே நூல். அவர் செய்த அளவே அளவு. பிழை கண்டால் கேட்கவும் நா எழாது. கொடையாகப் பெற்றதில் குறை சொல்வது எங்ஙனம்? கூலி கொடுத்து வாங்கிய வேலையில் மட்டுமே "இது தவறு, திருத்திக் கொடுங்கள்" என்று நிமிர்ந்து கேட்க இயலும். உரிமையின் குரல் ஊதியத்திலிருந்தே எழும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 2012இல் படைப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பார்வையற்றோர் படிப்பதற்கென நூல்களைப் பெயர்ப்பதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. மராக்கேசு நகரில் 2013இல் உருவான உலக உடன்படிக்கையை எல்லா நாடுகளுக்கும் முன்னே, 2014இல், இந்தியா உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதினெட்டு அகவை வரை நூல்களை விலையின்றித் தரவும், புடையெழுத்தில் தகுதி பெற்ற ஆசிரியரைப் பயிற்றி அமர்த்தவும் அரசைப் பணிக்கின்றது. பூட்டு திறந்தாயிற்று. வாயிலும் திறந்தாயிற்று. உள்ளிருந்து நூலை எடுத்துக் கொடுக்கும் கைகளுக்கு யார் பொறுப்பு?

2023ஆம் ஆண்டின் இறுதியில், காசியில் நடந்த தமிழ்ச் சங்கம விழாவில், திருக்குறள், மணிமேகலை முதலாய தமிழ்நூல்களின் புடையெழுத்துப் பதிப்புகளை இந்தியத் தலைமை அமைச்சர் வெளியிட்டார். நூல்கள் வந்தது நன்றே, வரவேற்கத்தக்கதே. ஆனால் தமிழ் விரல்கள் காத்துக்கிடப்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில். மேடையோ கங்கைக் கரையில்! விழாவுக்கு வேண்டும்போது ஒரு முறை வெளிவரும் நூல் மாலையாகும். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் நாளில் பாடநூலோடு வந்து சேரும் நூலே சோறாகும்.

தமிழ்த் தட்டச்சுக்கு இளநிலை, முதுநிலை எனத் தமிழ்நாட்டரசே தேர்வு நடத்துகின்றது. சுருக்கெழுத்துக்கும் தேர்வு உண்டு. தட்டச்சர், சுருக்கெழுத்தர் எனும் பணிப்பெயர்களை அறியாதார் இலர். 'புடையெழுத்துப் பெயர்ப்பாளர்' எனும் பணிப்பெயரை எத்துணைப் பேர் கேட்டிருப்பர்? அமெரிக்காவில் காங்கிரசு நூலகத்தின் சார்பில் இதற்கெனப் பயிற்சியும் தேர்வும் நெடுங்காலமாக உள்ளன. முப்பது பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு படியைச் செம்மையாகப் பெயர்த்துக் காட்டினாலன்றிச் சான்றிதழ் கிட்டாது. கணக்குக்கு வேறு, இசைக்கு வேறு, மெய்ப்புக்கு வேறு எனச் சான்றிதழ்களும் தனித்தனியே உண்டு. அங்கும் தொண்டர் உளர். ஆயினும் தொண்டரும் தேறியே தீர வேண்டும்.

தகுதி வகுப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதா? காஞ்சிக்கு அருகிலுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களில் இருக்கத்தக்கார் யார் எனக் கல்லில் வெட்டி வைத்துள்ளன. நிலம் இவ்வளவு, அகவை இவ்வளவு, கல்வி இவ்வளவு, கணக்குக் காட்டாதான் தகுதியற்றவன் என அவை விரிவாகக் கூறும். ஆரிய மறைக் கல்வியைத் தகுதியாக்கிய அவ்வவையின் கேட்டைத் தமிழர் போற்ற வேண்டுவதில்லை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொறுப்பேற்பவர்க்கே தகுதி வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னரே அறிந்திருந்த மண்ணில், ஒரு குழந்தையின் எழுத்துக்குப் பொறுப்பேற்பவர்க்குத் தகுதியும் வேண்டா, ஊதியமும் வேண்டா என்பது நாணத்தக்கதன்றோ!

காஞ்சி செய்யத்தக்கது

காஞ்சிக்குக் கிழக்கே, சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி. அங்கே பார்வையற்றோர்க்கான அரசு மேனிலைப் பள்ளியும், தேராதூனில் தலைமையிடம் கொண்ட நடுவண் அரசு நிறுவனத்தின் மண்டல நடுவமும் உள்ளன. காஞ்சிக்கு மேற்கே, பாலாற்றை ஒட்டிக் காட்பாடி. உலகெங்கும் பயன்படும் பெர்க்கின்சு புடையெழுத்துப் பொறியை அங்குள்ள வொர்த் அறக்கட்டளை செய்து, பிற நாடுகளுக்கும் அனுப்பியது. பிற நாட்டார் விரலுக்கு எழுத்துப் பொறி செய்து கொடுத்தது பாலாற்றங்கரை! அப்பொறியில் தமிழ் எழுதும் கைகளைத் தொழிலாளராக ஏற்காதிருப்பதும் அதே நாடு!

கிழக்கே படிக்கும் விரல்கள். மேற்கே எழுதும் பொறி. இடையில் புள்ளியையும் துளையையும் பிழையறக் குத்தி அறிந்த காஞ்சி. கட்டத்தாளைப் படித்து, அதனை வேறொரு வரிசையாக மனத்தில் மாற்றி, பிழையின்றிக் குத்தும் கைப்பழக்கம் தலைமுறைகளாக வேரூன்றிய ஊர் அது. நெசவுக்கூலி வாழ்க்கைக்குப் போதாமல் பட்டுத்தறியை விட்டு வேறு வேலைக்குப் போகும் இளைஞரும் மகளிரும் அங்கு உளர். அவர்கட்குத் தமிழிலக்கணமும் புடையெழுத்தும் பயிற்றுவித்தால், ஓராண்டில் பெயர்ப்பாளர் அணியொன்றை அங்கு உருவாக்குதல் அரிதன்று. பேரறிஞர் அண்ணா பிறந்த நெசவாளர் ஊரில், தமிழ் எழுத்தையும் உழைப்பின் மதிப்பையும் ஒருங்கே காக்கும் பயிற்சிக்கூடம் ஒன்று அமைவது எவ்வாற்றானும் பொருத்தமுடைத்து.

வேண்டுவன இவை:

தமிழ்ப் புடையெழுத்துப் பெயர்ப்புக்கும் மெய்ப்புக்கும் அரசுத் தேர்வும் சான்றிதழும் வேண்டும். அத்தேர்வு தமிழிலக்கணத்தோடு பிணைந்ததாக, தமிழிலேயே நடத்தப்பட வேண்டும்.

மாவட்டத்துக்கு ஓர் அணியேனும், பெயர்ப்பாளரும் மெய்ப்பாளருமாக, நிலையான ஊதியத்தில் அமர்த்தப்பட வேண்டும். மெய்ப்பாளர் பணியிடம் முழுதும் பார்வையற்றோர்க்கே வழங்கப்பட வேண்டும்.

பாடநூல் அச்சேறும் நாளிலேயே அதன் பிழையற்ற எழுத்துப் படி, ஒருங்குறியில், பெயர்ப்பாளர் கைக்குச் சேர வேண்டும். கண்ணுள்ள பிள்ளைக்கும் கண்ணற்ற பிள்ளைக்கும் ஒரே நாளில் நூல் கிட்டுவதே அளவுகோல்.

புடையெழுத்து நூல் ஒவ்வொன்றிலும் பெயர்த்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். அணிந்துரை எழுதிய அமைச்சருக்குப் பின்னால் அவர்கள் பெயர் வந்தாலும் தாழ்வில்லை. வராமற் போவதே தாழ்வு.

கோயில் வாயிலில் காசு கொடுப்போரைத் தடுக்க வேண்டுவதில்லை. அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு பட்டுச் சேலையில் அன்னத்தின் அலகு முறியாமல் காக்க, துளைதோறும் கூலி கொடுத்துக் கைவல்லாரை அமர்த்துகின்றது இந்நகரம். ஒரு குழந்தை படிக்கும் சொல்லில் 'கண்' என்பதன் புள்ளி விடுபட்டுக் 'கண' எனப் பொருளற்றுப் போகாமல் காக்க, அதே கூலியைக் கொடுக்கத் தயங்குவது ஏன்? அட்டையில் ஒரு துளை பிழைத்தால் கெடுவது சேலை. தாளில் ஒரு புள்ளி பிழைத்தால் கெடுவது தமிழும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் வாழ்வும்.

கும்பிடு போதும். கூலி கொடுக்கத் தொடங்குக!